எந்த வட்டம், எந்த வாசல்?

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு முதல்முறை வருகிறவர்களைத் தடுமாற வைப்பது அதன் ஒழுங்குதான். பண்ருட்டி - வடலூர் சாலையில் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே வந்தால் அகலமான சாலைகள், இருமருங்கும் மரங்கள், வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். ஊர் ஏறத்தாழ முப்பது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தெருவின் வீடுகள் பெரும்பாலும் ஒரே வரைபடத்திலிருந்து எழுந்தவை. அதே உயரச் சுவர், அதே ஜன்னல், அதே வாசற்படி. தானாக வளர்ந்த ஊர்களில் ஒரு கோணல் சந்தும், தெருவை மறித்து நிற்கும் வேம்பும், பாதியில் நின்றுபோன மதிலும் நமக்கு வழி சொல்லிவிடும். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிச்சத்துக்கு வந்து, 1962-ல் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கிய வேகத்தில், ஊழியர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊரில் அப்படிப்பட்ட அடையாளங்கள் குறைவு.

இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஊழியர் பாதித் தூக்கத்திலும் தன் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறார். அதே தெருவுக்குப் பட்டப்பகலில் வரும் விருந்தாளி மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டுகிறார். இருவர் கண்ணிலும் விழும் காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்கு மட்டும் அது ‘இங்கே’ என்று ஆகிவிடுகிறது. அந்த ‘இங்கே’ மூளையில் எப்படி உருவாகிறது என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு நரம்பியல் ஆய்வுகள் வியக்கத்தக்க அளவுக்கு விளக்கியிருக்கின்றன. நெய்வேலியை மனதில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்கும்போது, சில சோதனைகள் இந்த ஊருக்காகவே செய்யப்பட்டவையோ என்று எனக்குத் தோன்றும்.

தொடக்கம் 1971. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓகீஃப், ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் எலியின் ஹிப்போகாம்பஸுக்குள் தலைமுடியை விட மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, அது நடமாடும்போது தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்பது மூளையின் பக்கவாட்டு மடலுக்குள், இருபுறமும் ஒவ்வொன்றாகச் சுருண்டு கிடக்கும் சிறு பகுதி. அவர்கள் கேட்ட 76 செல்களில் 8 செல்கள் விசித்திரமாக நடந்துகொண்டன. எலி மேடையில் எங்கெங்கோ திரியும்போது சும்மா இருக்கும் ஒரு செல், குறிப்பிட்ட ஓரிடத்துக்கு அது வந்ததும் படபடவென்று துடிக்கும். அங்கிருந்து விலகினால் அடங்கிவிடும். திரும்பி வந்தால் மீண்டும் துடிக்கும். அடுத்த செல்லுக்கு வேறோர் இடம். எலி அங்கே என்ன தின்றது, எதைப் பார்த்தது என்பதைவிட, எங்கே இருந்தது என்பதே துடிப்பைத் தீர்மானித்தது. இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். உயிரினங்களின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்க வேண்டும் என்று எட்வர்ட் டோல்மன் 1948-லேயே வாதிட்டிருந்தார். ஓகீஃபும் லின் நேடலும் 1978-ல் எழுதிய நூல், அந்த வரைபடம் இருக்கும் இடம் ஹிப்போகாம்பஸ்தான் என்று உறுதியாகச் சொன்னது. 2003-ல், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள் கணினியில் ஒரு கற்பனை ஊரைச் சுற்றி வந்தபோது, மனிதரிடமும் இடச் செல்கள் பதிவாயின.

இனி நெய்வேலிக்கு மிக அருகில் வரும் சோதனை. ஒரு தாழ்வாரம், அதன் ஓரமாக அச்சு அசலாக ஒன்றுபோலவே நான்கு அறைகள். நான்கின் வாசலும் ஒரே பக்கம் பார்க்கின்றன. குவார்ட்டர்ஸ் வரிசை என்றே வைத்துக்கொள்ளலாம். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில் ஹ்யூகோ ஸ்பியர்ஸும் கேட் ஜெஃப்ரியும் அவர்களுடைய சகாக்களும் இப்படியோர் அமைப்புக்குள் எலிகளை விட்டார்கள். முதல் அறையின் வலது மூலையில் துடித்த செல், இரண்டாம் அறையின் வலது மூலையிலும் துடித்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் அப்படியே. ‘நான் ஓர் அறையின் வலது மூலையில் இருக்கிறேன்’ என்று அந்த எலிக்குத் தெரிந்திருந்தது. எந்த அறை என்பதில் அந்தச் செல்களுக்குத் தெளிவில்லை.

அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் எம்மா வுட், பால் டட்சென்கோ குழுவினர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அதே நான்கு அறைகளை இரண்டு விதமாக அடுக்கினார்கள். ஒன்றில் எல்லாம் பக்கம் பக்கமாக, ஒரே திசை பார்த்து. இன்னொன்றில் ஒரு மையத்திலிருந்து விரிந்தாற்போல, ஒவ்வோர் அறையும் வேறு வேறு திசை பார்த்து. எந்த அறையில் எந்த வாசனைக்கு உணவு கிடைக்கும் என்பதை எலி கற்றுக்கொள்ள வேண்டும். திசை மாற்றி அடுக்கியபோது எலிகள் சிரமமில்லாமல் கற்றுக்கொண்டன, இடச் செல்களும் அறைகளைத் தனித்தனியாகப் பிரித்தறிந்தன. பக்கம் பக்கமாக அடுக்கியபோது செல்களும் குழம்பின, எலிகளும் தடுமாறின. சுவரும் தரையும் அளவும் ஒன்றுதான். மாறியது அறை பார்க்கும் திசை மட்டும்.

திசையை எலி எப்படி அறிந்தது? 1984-ல் ஜேம்ஸ் ராங்க் கண்டறிந்த தலைத்திசைச் செல்கள்தான் இதற்கு விடை. எலி எந்த இடத்தில் இருந்தாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்க்கும்போது இவற்றில் ஒரு செல் துடிக்கும். வேறு திசைக்கு வேறு செல். ஸ்காட்லாந்துக் குழு 2017-ல் இந்தத் திசை அமைப்பைச் சேதப்படுத்திப் பார்த்தது. அப்போது விரித்து அடுக்கிய அறைகளிலும் இடச் செல்கள் குழம்ப ஆரம்பித்தன. ஒரே மாதிரி அறைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது திசையுணர்வுதான் என்பது அங்கே நிரூபணமானது.

எலியை அப்படியே மனிதர் மேல் பொருத்திவிட முடியாது. நமக்கு வீட்டு எண் வாசிக்கத் தெரியும், வட்டத்தின் எண் தெரியும். என்றாலும் நம் ஊர்ப் பேச்சை இந்த ஆய்வுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. வீடு பார்க்கப் போனால் நாம் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, வாசல் எந்தப் பக்கம் என்பது. கிழக்கு பார்த்த வீடு, வடக்கு பார்த்த வீடு என்றே வீட்டை அடையாளம் சொல்கிறோம். இதற்குப் பின்னால் வாஸ்துவும் இருக்கலாம், வெயிலும் காற்றும் இருக்கலாம். பலன் ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. எதிரெதிர் வரிசையில் இருக்கும் இரண்டு ஒரே மாதிரி குவார்ட்டர்ஸை, காலை வெயில் கண்ணில் அடிக்கும் வாசல் எது, முதுகில் அடிக்கும் வாசல் எது என்று வேறுபடுத்திக்கொள்ளும் மூளைக்குத் தேவையான தகவல் அதில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு அந்த உதவியும் இல்லை. விருந்தாளி மூன்று வீடு தள்ளித் தட்டுவதும், எதிர்வரிசையில் போய்த் தட்டுவது அதைவிட அரிது என்பதும் எனக்கு இயல்பாகவே படுகின்றன.

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு அனுபவம் உண்டு. அதே வகை வீட்டில் இருக்கும் நண்பரின் வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தாலும் சமையலறை எங்கே, பின்கட்டு எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கால் தானாகப் போகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் எப்ஸ்டீன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. கணினியில் ஒரு பூங்கா, அதற்குள் நான்கு அருங்காட்சியகங்கள். உள்ளமைப்பின் வடிவம் நான்கிலும் ஒன்று, வாசல் பார்க்கும் திசை வேறு. அவற்றை நன்கு கற்றுக்கொண்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, மூளையின் பின்புறம் உட்பக்கமாக இருக்கும் ரெட்ரோஸ்பிளீனியல் புறணி என்ற பகுதி, ‘வாசலைப் பார்த்து நிற்கிறேன்’, ‘வாசலுக்கு முதுகு காட்டி நிற்கிறேன்’ என்ற தகவலை நான்கு கட்டடங்களிலும் ஒரே விதமாகக் குறித்துவைத்திருந்தது. வெளியே வடக்கு எது என்பதை விட்டுவிட்டு, கட்டடத்துக்குக் கட்டடம் தன் திசைகாட்டியைப் புதிதாக நங்கூரமிட்டுக்கொள்கிறது. நண்பர் வீட்டில் உங்கள் கால் சமையலறைக்குத் தானாகப் போவது இந்தத் திறமையால்தான். அதே திறமை, எந்த வீட்டுக்குள் இருக்கிறோம் என்ற கேள்விக்கு மட்டும் உதவாது.

அந்தக் கேள்விக்கு மூளை வைத்திருக்கும் இன்னொரு கருவி, அளவெடுப்பு. நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு 2005-ல் வெளியிட்டது அது. ஹிப்போகாம்பஸுக்கு வாசல்போல் அமைந்த எண்டோரைனல் புறணியில், ஒரே செல் பல இடங்களில் துடிக்கிறது. அந்த இடங்களைத் தரையில் குறித்துப் பார்த்தால் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள்போல, எங்கே பார்த்தாலும் சமபக்க முக்கோணங்களாக விழுகின்றன. இவற்றுக்குக் கட்டச் செல்கள் என்று பெயர். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று உடல் நகர்வதைக் கணக்கு வைத்துக்கொள்ளும் அமைப்பு இது என்று கருதப்படுகிறது. ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. சென்னை ஐஐடியில் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தியும் கார்த்திக் சோமனும், வௌவால் ஆய்வாளர் மைக்கேல் யார்ட்சேவுடன் சேர்ந்து, முப்பரிமாண வெளியில் பறக்கும்போது இத்தகைய செல்கள் எப்படி உருவாகக்கூடும் என்பதற்கு ஒரு கணித மாதிரியை 2018-ல் வெளியிட்டார்கள். மேலும் கீழும் அடுக்கடுக்காக இறங்கும் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் மூளை உயரத்தை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பது அந்தத் துறையின் நெய்வேலிக் கேள்வி.

இந்தக் கட்டச் செல்களுக்கும் ஓர் ‘ஒரே மாதிரி அறை’ச் சோதனை நடந்தது. பிரான்சிஸ் கார்பென்டர், கேஸ்வெல் பேரி குழுவினர் 2015-ல், இரண்டு ஒன்றுபோலான அறைகளை ஒரு தாழ்வாரத்தால் இணைத்து எலிகளை நாள்தோறும் விட்டார்கள். முதலில் இரண்டு அறைகளிலும் ஒரே புள்ளிக்கோலம். நாள் ஆக ஆக அது மாறி, இரண்டு அறைகளையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியான வரைபடமாக விரிந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற ஊழியருக்கும் விருந்தாளிக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. ஊழியரின் மூளையில் தெரு முழுவதும் ஒரே விரிப்பாக ஆகிவிட்டது. விருந்தாளிக்கு ஒவ்வொரு வீடும் இன்னும் அதே வீடு.

திசையுணர்வைப் பற்றிய பேச்சில், தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் நகர முடியாது. நெதர்லாந்தின் நைமேகனில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் சார்பில் எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ் பேசுவோரிடம் ஆய்வு நடத்தினார். பொம்மை மிருகங்களை மேசைமேல் வரிசையாக, ஒரு பக்கம் பார்த்து நிற்க வைத்துக் காட்டுவது. பிறகு ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்வது. ‘வலது பக்கம் பார்த்து நின்றன’ என்று நினைவில் வைத்தவர், திரும்பிய பிறகும் தன் வலது பக்கம் பார்த்து அடுக்குவார். ‘வடக்கே பார்த்து நின்றன’ என்று நினைவில் வைத்தவர் வடக்கே பார்த்தே அடுக்குவார், அது இப்போது அவருக்கு இடது பக்கம். கிராமத்தவர் பேச்சில் திசைப் பெயர்களும் நகரத்தவர் பேச்சில் இடது வலதும் மேலோங்கியிருந்தன. பொம்மைகளை அடுக்கியதும் அந்தப் போக்கிலேயே இருந்தது. ஒரே மொழியைப் பேசுகிறவர்கள் இடத்தை நினைவில் வைக்கும் முறையில் இப்படிப் பிரிந்திருப்பதுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் இன்றும் ‘கெழக்கால போனா ஏரி, தெக்கால திரும்பு’ என்று வழி சொல்வார்கள். சாப்பாட்டு இலையில் உப்பு கிழக்குப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. டவுன்ஷிப்புக்குள் வந்தால் வழி வேறு மொழியில் வருகிறது. மெயின் பஜார் தாண்டி லெஃப்ட், பெரியார் சதுக்கத்தில் ரைட், இத்தனாவது வட்டம், இந்தத் தெரு, இத்தனாம் நம்பர். எண் எழுதப்பட்டிருக்கும் வரை இந்த முறை கச்சிதமானது. கிராமத்து முறைக்கு எண்ணும் பலகையும் வேண்டாம், திசை மட்டும் எப்போதும் மனதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வடக்கு எது என்று எந்த நேரமும் தெரிந்து வைத்திருப்பது சிறு வேலை இல்லை. சிறு வயதிலிருந்தே பேச்சு அந்தப் பயிற்சியைத் தந்துகொண்டிருந்தது. அது நம் நகரங்களில் நின்றுபோய்க்கொண்டிருப்பதை நான் ஓர் இழப்பாகவே பார்க்கிறேன்.

வளர்ந்த இடத்தின் அமைப்பே வழியறியும் திறனைப் பாதிக்கிறது என்பதற்கும் இப்போது பெரிய அளவில் சான்று உண்டு. ‘சீ ஹீரோ க்வெஸ்ட்’ என்ற கைபேசி விளையாட்டு 2016-ல் ஆய்வுக்காகவே உருவாக்கப்பட்டது. படகில் ஏறி, வரைபடத்தை ஒருமுறை பார்த்து மனதில் வைத்து, தீவுகளுக்கிடையே போக வேண்டும். 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேரின் தரவை ஆராய்ந்து அன்டோயன் கூத்ரோவும் ஸ்பியர்ஸும் 2022-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக நன்றாக வழி கண்டார்கள். சிகாகோபோல் சதுரங்கக் கட்டமாகத் தெருக்கள் ஓடும் நகரங்களில் வளர்ந்தவர்கள், பிராக்போல் வளைந்து நெளிந்த நகரங்களில் வளர்ந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். கட்டம் கட்டமான அமைப்பில் விளையாடச் சொன்னபோது மட்டும் அவர்கள் கை ஓங்கியது. இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்பதைவிட, எங்கே வளர்ந்தார்கள் என்பதே கணக்கில் வந்தது.

இதை வைத்து டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு வழி தெரியாது என்று முடிவுகட்டினால் அது அவசரம். தெருவின் வடிவம் ஒரு பாதி. பிள்ளை அந்தத் தெருவில் தானாகச் சுற்றியதா, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து போனதா என்பது இன்னொரு பாதி. நெரிசல் குறைந்த, நிழல் நிறைந்த அந்தச் சாலைகளில் சைக்கிளில் வட்டம் வட்டமாகச் சுற்றி வளர்ந்த தலைமுறைகளுக்கு, பெருநகரப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பயிற்சி கிடைத்திருக்கிறது.

டவுன்ஷிப்பின் சிக்கல் எல்லாம் ஒன்றுபோல் இருப்பது. அதற்குத் தெற்கே, சுரங்கத்தில் சிக்கல் நேர்மாறானது. அங்கே எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை.

நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்துக்கு மண் கிடக்கிறது. ஜெர்மானிய வகை பக்கெட் வீல் இயந்திரங்கள் அந்த மேல்மண்ணைப் படிப்படியாக, பெஞ்ச் பெஞ்சாகச் சீவிக்கொண்டே முன்னேறுகின்றன. வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் ஸ்பிரெடர் வழியாகக் கொட்டப்படுகிறது. வெட்டுமுகம் முன்னால் நகர, நிரப்பிய மண் பின்னால் நகர, நடுவில் இருக்கும் பள்ளம் ஊரைக் கடந்து மெல்ல ஊர்கிறது. இயந்திரம் நகர்ந்தால் பாதை மாறும், கன்வேயர் இடம் மாறும். சில ஆண்டு விடுப்பில் போய்த் திரும்பியவர் பழைய பாதையைத் தேடினால் அது காற்றில் இருக்கும், அதன் தரை இன்னோர் இடத்தில் மேடாகக் கிடக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் மூளை எதைப் பிடித்துக்கொள்ளும்? எலினார் மக்வயரின் லண்டன் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஆகர் 2012-ல் ஒரு நுட்பமான சோதனை செய்தார். அன்றாடம் வெளியில் காணும் பொருள்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஸ்கேன் செய்தார். சில பொருள்கள் பெரியவை, சில கண்ணைப் பறிப்பவை, சில என்றைக்கும் நகராதவை. முன்பு பார்த்த அதே ரெட்ரோஸ்பிளீனியல் புறணி, பொருளின் அளவுக்கோ பளிச்சென்ற தோற்றத்துக்கோ மயங்கவில்லை. நகராத தன்மைக்கு மட்டும் எதிர்வினை காட்டியது. வழி காண்பதில் திறமை குறைந்தவர்களிடம் அந்த எதிர்வினை மங்கலாக இருந்தது. எது நிலையானது என்று கேட்டபோதும் அவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். நன்றாக வழி காண்பவருக்கும் அடிக்கடி வழி தவறுகிறவருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு பகுதி, எந்த அடையாளத்தை நம்புவது என்ற தேர்வில் இருக்கிறது.

பக்கெட் வீல் இயந்திரம் மாடிக்கட்டட உயரத்துக்கு நிற்கும், இரவில் விளக்குகளோடு வெகுதூரத்துக்குத் தெரியும். அதை அடையாளமாக வைத்தால் அடுத்த மாதம் அது அங்கே இருக்காது. மேல்மண் கொட்டிய மேடுகள் குன்றுபோல் தெரியும், அவையும் வளர்ந்துகொண்டிருப்பவை. அனல்மின் நிலையப் புகைபோக்கியை நம்பலாம் என்றால், 600 மெகாவாட் திறனுடன் இயங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆறு நகராது என்றும் இங்கே சொல்ல முடியாது. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியது, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகத்தான். சூரியனும் திசைகளும் மட்டுமே மிச்சம். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் இவ்வளவையும் தினம் தினம் திருத்தி எழுதிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். இதை யாரும் ஒரு திறமையாகக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுக்க வேண்டும்.

நகரும் பள்ளத்தின் பாதையில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மக்கள் மாற்றுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். அங்கே நேர்த்தெருக்கள், மனை எண்கள். வயதானவர்களிடம் பழைய ஊரைப் பற்றிக் கேட்டால் ஏரிக்கரையிலிருந்து ஆரம்பிப்பார்கள். கரைக்கு மேற்கால அய்யனார் கோயில், அதை ஒட்டிக் களம், களத்திலிருந்து பார்த்தால் முந்திரித்தோப்பு, தோப்பைக் குறுக்கே வெட்டி நடந்தால் இன்னாருடைய கொல்லை. கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார்கள், கோடு பிசகாது. அந்த மண் முழுவதும் பெயர்த்து எடுக்கப்பட்டு, அடியிலிருந்த கரி எரிக்கப்பட்டு, வேறெங்கிருந்தோ வந்த மண்ணால் பள்ளம் நிரப்பப்பட்டுவிட்டது. போய்ச் சரிபார்க்க இடமே இல்லாத வரைபடம் அது.

இவ்வளவு நாள் கழித்தும் அது எப்படி அழியாமல் இருக்கிறது? இ.பி. என்ற சுருக்கப் பெயரில் மருத்துவ உலகம் அறிந்த ஓர் அமெரிக்க முதியவர் இதற்கு வெளிச்சம் தருகிறார். கலிபோர்னியாவின் ஹேவர்டு வட்டாரத்தில் வளர்ந்தவர், இளம் வயதிலேயே அதை விட்டு வெளியேறியவர். 1992-ல் மூளைக்காய்ச்சல் அவருடைய இருபுற ஹிப்போகாம்பஸையும் அழித்துவிட்டது. அதன்பின் சான்டியேகோ வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தார். எட்மண்ட் டெங்கும் லாரி ஸ்குவயரும் 1999-ல் அவரைச் சோதித்தார்கள். வளர்ந்த ஊரில் இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது? முக்கியத் தெரு அடைபட்டிருந்தால் வேறு எப்படிப் போவது? இன்ன கடை வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, திரையரங்கு எந்தப் பக்கம் என்று கையால் காட்டுங்கள். அதே ஊரில் வளர்ந்து வெளியேறிய ஆரோக்கியமானவர்களுக்குச் சற்றும் குறையாமல் விடை சொன்னார். சுற்றுவழிகூடச் சரியாக வந்தது. பிறகு, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்த இப்போதைய வீட்டைச் சுற்றிய இடங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு கேள்விக்குக்கூட விடை தெரியவில்லை.

புது இடத்தைக் கற்றுக்கொள்ள ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. வெகுகாலம் முன்பு கற்ற இடத்தின் வரைபடமோ அதற்கு வெளியே, மூளைப் புறணியில் எங்கெங்கோ ஊன்றிவிடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. மாற்றுக் குடியிருப்பில் வீட்டுக்கு வழி தவறும் பாட்டி, மண்ணோடு மறைந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது இதனால்தான். வீட்டில் இருப்பவர்கள் ‘பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, ஒண்ணும் இல்ல’ என்று தேற்றிக்கொள்வதும் இதே காரணத்தால்தான், அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அல்சைமர் நோயில் முதலில் சேதமடையும் இடங்களில் எண்டோரைனல் புறணியும் அதையடுத்து ஹிப்போகாம்பஸும் அடங்கும். புதிதாகப் போன இடத்தில் வழி பிடிபடாமல் போவது, பெயர் மறப்பதற்கு முன்பே தலைகாட்டக்கூடிய அறிகுறி.

ஓய்வு பெறும் ஊழியர்களின் நிலை இதனோடு சேர்ந்தது. பணி முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு ஒரே வாசல், ஒரே சாலை, ஒரே கேட். இப்போது வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ பிள்ளைகள் இருக்கும் சென்னையிலோ புது வீடு. மூளைக்குப் புது வரைபடம் எழுதும் வேலை மிகக் கடினமாகும் வயதில் அந்த வேலை வந்து சேர்கிறது.

அந்த முப்பது ஆண்டுப் பாதையும் வரைபடமாக மட்டும் இருந்திருக்காது. மார்க் பக்கார்டும் ஜேம்ஸ் மெகாவும் 1996-ல் எலிகளைச் சிலுவை வடிவப் பாதையில், தினமும் ஒரே முனையிலிருந்து ஒரே பக்கம் திரும்பி உணவை அடையப் பழக்கினார்கள். எட்டாம் நாள் எதிர்முனையிலிருந்து விட்டபோது பெரும்பாலானவை உணவு இருந்த இடத்துக்கே சரியாகப் போயின. பதினாறாம் நாளில் அதே சோதனையை வைத்தபோது, உணவை மறந்து பழகிய பக்கமே திரும்பின. காடேட் என்ற, பழக்கங்களின் இருப்பிடமான பகுதியை மருந்தால் உறங்க வைத்ததும் அவை மறுபடியும் இடத்தைத் தேடிப் போயின. ஹிப்போகாம்பஸின் வரைபடம் அழியவில்லை, பழக்கம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இரவு ஷிப்ட் முடித்துப் பாதித் தூக்கத்தில் வீடு சேரும் ஊழியரை ஓட்டி வருவது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். வீடு மாறிய பிறகும் ஒருநாள் கியூ பாலம் தாண்டியதும் வண்டி பழைய வட்டத்துப் பக்கம் திரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. பழக்கம் இன்னும் விடவில்லை, அவ்வளவே. புது வீட்டைச் சுற்றிய தெருக்கள் மாதங்கள் கழிந்தும் ஒன்றோடொன்று சேராமல் துண்டு துண்டாகவே இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புது வரைபடம் எழுத மூளையால் முடியும் என்பதற்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் பெரிய சாட்சி. சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக்கித் தேர்வு எழுதுகிறவர்கள். பயிற்சியில் சேர்ந்த 79 பேரை மக்வயரும் கேத்தரின் வூலட்டும் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களிடம் வளரவில்லை. முதியோருக்கும் கதவு மூடிவிடவில்லை. அதே ஆண்டில் கிர்க் எரிக்சன் குழு வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று நாள் வேகநடை பழகிய முதியவர்களுக்கு ஓராண்டில் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. ஆய்வில் பங்கேற்றவர்கள் மொத்தம் 120 பேர்.

கைபேசி வழிகாட்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் ஸ்பியர்ஸின் குழு, லண்டனின் சோஹோ தெருக்களில் 24 பேரைத் திரையில் வழி தேட வைத்தது. பல தெருக்கள் பிரியும் சந்திக்கு வந்ததும், தாமாக வழி தேடியவர்களின் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்படைந்தது. கருவி சொல்லச் சொல்லத் திரும்பியவர்களிடம் அந்தச் சலனம் இல்லை. புது ஊருக்குக் குடிபோன முதல் மாதங்களில் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால். போன் பையில் இருக்கட்டும், வழி தவறினால் எடுத்துக்கொள்ளலாம்.

முதியவர்களின் நினைவைச் சோதிக்கும்போது இன்று என்ன தேதி, இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்கிறார்கள். வழியறிவைத் தனியாகக் கேட்பது நம் பக்கத்தில் அபூர்வம். இ.பி.யிடம் செய்ததை எந்தக் குடும்பமும் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம், ஸ்கேன் வேண்டாம், கட்டணம் இல்லை. ஓய்வு பெற்று மந்தாரக்குப்பத்துக்குக் குடிவந்து ஓராண்டு ஆன அப்பாவிடம், உட்கார்ந்த இடத்திலிருந்தே வடலூர் எந்தப் பக்கம், ஆர்ச் கேட் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டச் சொல்லுங்கள். அது பழைய வரைபடம், அநேகமாகச் சரியாக வரும். பிறகு, இப்போது தினமும் பால் வாங்கும் கடை எந்தப் பக்கம், அங்கிருந்து மருந்துக்கடைக்கு வீட்டுக்குத் திரும்பாமல் எப்படிப் போவது என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கை தயங்காமல் நீண்டு, இரண்டாவதற்கு மட்டும் திரும்பத் திரும்பத் தயங்கினால், அடுத்த முறை ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.